பிராய் பக்க உணவுகள்

தென்னாப்பிரிக்காவில் விறகுத் தணலில் இறைச்சி சுட்டு, உற்றாரும் நண்பர்களுமாகக் கூடியிருந்து உண்பதற்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பிராய் என்று பெயர். இறைச்சிக்குத் துணையாக வைக்கப்படும் மக்காச்சோளக் களி, தணல் ரொட்டி, புளிப்பும் இனிப்புமான காய்கறிக் கலவைகள் முதலியவை பிராய் பக்க உணவுகள். சுட்ட இறைச்சிக்கு உப்பும் நெருப்பும் போதும். அது எந்த நாட்டிலும் உண்டு. இந்த மண்ணுக்கு யார் யார் வந்தார்கள், அடுப்படியில் யார் நின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத் தொடுகறிகளைத்தான் பார்க்க வேண்டும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் ஜான் வான் ரீபெக் தலைமையில், கீழ்த்திசைக்குச் செல்லும் கப்பல்களுக்கு உணவும் நீரும் தருவதற்காக நன்னம்பிக்கை முனையருகே ஒரு குடியேற்றத்தை அமைத்தது. 1658 முதல் அங்கே அடிமைகள் திரளாக இறக்கப்பட்டனர். மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களோடு சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தனர். எசமானர் வீட்டுச் சமையல் பெரும்பாலும் இவர்கள் கையில்தான் நடந்தது. பழங்களை வினிகரும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சும் பிளட்யாங், எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த அட்யார் ஊறுகாய், வெள்ளரியையோ சீமைமாதுளையையோ துருவி மிளகாயோடு பிசையும் சம்பல், மஞ்சளும் உலர்திராட்சையும் சேர்த்த சோறு ஆகியவை, இவர்கள் வழிவந்த கேப் மலாய் எனப்படும் முஸ்லிம் சமூகத்தின் சமையலிலிருந்து பொதுப் பந்திக்கு வந்தவை. ஆப்பிரிக்கான்ஸ் மொழி உருப்பெற்றதிலும் இதே வீடுகளுக்குப் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் அம்மொழியை அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

இனிப்பும் புளிப்பும் சேர்ந்த சுவையே இந்தப் பக்க உணவுகளின் அடையாளம். ஸ்லாப்ஹாக்ஸ்கீங்கிஸ் இதற்கு நல்ல சான்று. சின்னஞ்சிறு வெங்காயங்களை உரித்து முழுதாக உப்புநீரில் வேகவைப்பார்கள். கரைந்துவிடாமல் மெத்தென்று இருக்க வேண்டும். முட்டை, சர்க்கரை, வினிகர், கடுகு ஆகியவற்றை அடித்துக் கலந்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கெட்டியாகும்வரை கிளறுவார்கள். சூடு மிஞ்சினால் முட்டை திரிந்துவிடும். இந்தக் குழம்பைச் சூடாக வெங்காயத்தின் மேல் ஊற்றி, ஆறவைத்துப் பரிமாறுவார்கள். கொழுப்பு மிகுந்த ஆட்டுக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. வேகவைத்த பயற்றில் வினிகரும் சர்க்கரையும் சேர்க்கும் பீன்ஸ் கலவை, துருவிய பீட்ரூட், டின் பாலில் வினிகரும் கடுகும் அடித்து ஊற்றிய உருளைக்கிழங்குக் கலவை எல்லாம் இதே சுவை வழியில் வந்தவை. முதல் நாளே செய்து வைக்கலாம் என்பதால் தணலருகே நிற்பவருக்கு இவற்றால் எந்தத் தொல்லையும் இல்லை.

களியின் கதை வேறு. உள்நாட்டு ஆப்பிரிக்க மக்கள் சோளத்திலும் சிறுதானியங்களிலும் களி கிண்டி வந்தவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளம் பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. 1830களின் நடுவில் மாட்டுவண்டிகளில் வடக்கே பெயர்ந்த, டச்சு வழிக் குடியேறிகளான போயர் குடும்பங்களும் இந்தக் களியைத் தம் உணவாக்கிக்கொண்டன. பிராய்க்கு உகந்தது உதிரியான கிரம்மல்பாப். ஒரு பங்கு கொதிநீரின் நடுவே ஒன்றரைப் பங்கு மாவைக் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறுதீயில் விட வேண்டும். பிறகு முள்கரண்டியால் கிளறி உதிர்த்து, மறுபடியும் மூடி அரைமணி நேரம் ஆவியில் வேகவிடுவார்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளி வெங்காயக் குழம்பு.

வடக்கு நோக்கிய பயணத்தில் அடுப்பில்லாத போயர் குடும்பங்கள் கறையான் புற்றைக் குடைந்து அதில் ரொட்டி சுட்டதும் உண்டு. புளிக்கவைத்த மாவை உருட்டித் தணல்மேல் கம்பித் தட்டில் வைத்துச் சுடும் ரோஸ்டர்கூக், அடுப்பில்லாமலே ஆகும் ரொட்டி. இளையது பிராய்புரோய்கி: செடார் பாலாடைக்கட்டி, தக்காளி, வெங்காயம், சட்னி வைத்து, வெளிப்புறம் வெண்ணெய் தடவி, மடக்குக் கம்பித் தட்டில் பூட்டிச் சுடும் ரொட்டி. கறி வெந்து தணல் அடங்கிய பிறகே இதை வைப்பார்கள். திருப்பிக்கொண்டே இருக்காவிட்டால் உள்ளே பாலாடைக்கட்டி உருகுமுன் வெளியே கருகிவிடும். வடபகுதிகளில் களியும் மேற்கு கேப் மாகாணத்தில் ரொட்டியும் முதலிடம் பெறுகின்றன.

ஆப்பிரிக்கான்ஸில் முதல் சமையல் நூலை இ. ஜே. டைக்மன் 1890இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஹில்டகொண்டா டக்கிட்டின் ஆங்கில நூல் வந்தது. 1951இல் எஸ். ஜே. ஏ. டி வில்லியர்ஸ் வெளியிட்ட ‘கூக் என் கெனீட்’ வீட்டுக்கு வீடு புழங்கும் கையேடாயிற்று. இச்சுவைகளை உருவாக்கிய அடிமைப் பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் எந்த அட்டையிலும் இல்லை. இது இவ்வரலாற்றின் பெரிய குறை.

செப்டம்பர் 24ஆம் நாள் வரும் மரபுரிமை நாளைப் பிராய் நாளாகக் கொண்டாடும் முயற்சிக்கு 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு புரவலரானார். ஜோகன்னஸ்பர்க் கறுப்பினக் குடியிருப்புகளில் பிறந்த, பீன்ஸும் கேரட்டும் மிளகாயும் சேர்ந்த சாக்கலாக்கா, இன்று ஆப்பிரிக்கான்ஸ் குடும்பங்களின் பிராயிலும் களிக்குப் பக்கத்திலேயே வைக்கப்படுகிறது.