மாட்டிறைச்சி நாடாப்புழு: கவனம் தேவை

பன்றி இறைச்சியை நாம் தொடுவதில்லை, அதனால் நாடாப்புழு வராது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாட்டிறைச்சி வழியாகவே பரவும் டீனியா சாஜினேட்டா என்ற நாடாப்புழு உண்டு. மனித மலம் கலந்த புல், தண்ணீர் மூலம் அதன் முட்டைகள் மாட்டுக்குள் சென்று தசையில் சிறு கட்டிகளாகத் தங்கும். ஹலாலாக அறுத்தாலும் அவை அப்படியே இருக்கும். வேகாத கறியோடு உள்ளே போனால் சுமார் 3 மாதத்தில் குடலில் பல மீட்டர் வளரும். மலத்தில் நெளியும் வெள்ளைத் துண்டுகளைக் கண்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். பிராசிகுவாண்டல் மாத்திரை பெரும்பாலும் ஒரே வேளையில் குணமாக்கும்.

காயல்பட்டினத்துக் களரிச் சட்டியில் நெடுநேரம் வெந்த கறிக்குப் பயமில்லை. உள்ளே சிவந்திருக்கும் கபாபும், உப்புப் பார்க்க வாயில் வைக்கும் பச்சைக் கைமாவும்தான் ஆபத்து. கைமா நடுப்பகுதிவரை 71 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும்.