சாதனத்துக்குப் பெயர் சூட்டும் பொறுப்பு

லினக்ஸ் கெர்னலில் ஒரு சாதனத்துக்குப் பெயர் வைப்பது சில்லறை வேலையாகத் தோன்றலாம். அந்தப் பெயரே சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்பில் அடைவாகிறது. மற்ற மென்பொருள்கள் அதை வைத்துத்தான் சாதனத்தைத் தேடுகின்றன. 2.6 வரிசையில் பல ஆண்டுகள் பெயருக்கு 20 பைட் இடமே இருந்தது. நீண்ட பெயர் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால் ஒரே அடைவில் இரண்டாவது சாதனத்துக்கு இடமில்லை. 2008இல் டெவ்_செட்_நேம் என்னும் ஃபங்ஷன் வந்தது. 2009இல் அந்த 20 பைட் இடம் நீக்கப்பட்டது. பிரிண்ட்எஃப் போலவே டெவ்_செட்_நேமும் ஒரு வடிவச் சரத்தையும், அதன்பின் எத்தனை ஆர்க்யுமென்ட் தந்தாலும் அவற்றையும் ஏற்கும். நீளச் சிக்கல் தீர்ந்தது. ஆர்க்யுமென்ட்களைச் சரியாகக் கையாளும் பொறுப்பு கூடியது. அந்தப் பொறுப்பை எழுதுபவரின் கவனத்திடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது, நிரலின் அமைப்பிலேயே பதிக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு தரும் பாடம்.

சி மொழியில், இப்படி அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்க்யுமென்ட் வந்தன, அவை என்ன வகை என்று தானாகத் தெரியாது. வடிவச் சரம் சொல்வதை நம்பியே ஒவ்வொன்றாக எடுக்கும். பெயரின் நீளம் முன்கூட்டித் தெரியாததால் கெர்னல் வடிவச் சரத்தை இருமுறை ஓட்டுகிறது: நீளத்தை அளக்க ஒருமுறை, நினைவகம் ஒதுக்கியபின் எழுத மறுமுறை. ஆனால் ஒருமுறை படித்த ஆர்க்யுமென்ட் பட்டியலை மறுபடி அப்படியே பயன்படுத்தக் கூடாது. 32 பிட் எக்ஸ்86இல் அந்தப் பட்டியல் வெறும் சுட்டி என்பதால் தவறான நிரலும் ஓடிவிடும். 64 பிட்டில் முதல் படிப்பே பட்டியலின் நிலையை மாற்றிவிடும், மறுபடிப்பில் கிடைப்பது குப்பை. 1989இன் சி தரத்தில் இதற்கு வழியில்லை. 1999இன் தரம்தான் பட்டியலை நகலெடுக்கும் விஏ_காப்பியைத் தந்தது. கெர்னலின் கேவிஏஎஸ்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் அந்த நகலைக் கொண்டு அளந்து, மூலத்தைக் கொண்டு எழுதுகிறது. ஓரிடத்தில் சரியாகச் செய்ததால் ஆயிரக்கணக்கான டிரைவர் வரிகளில் அந்தக் கவலை இல்லை.

அழைக்கும் பக்கத்தில் அந்தக் காப்பு இல்லை. வடிவச் சரம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டின் பெயரை நேரே கொடுத்த ஒரு வரி, 2013இல் சிவிஇ-2013-2851 என்ற எண்ணோடு பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. எம்டி ரெய்டு சாதனத்துக்கு சதவீதக் குறியீடுகள் கொண்ட பெயரைக் கொடுத்தால், கெர்னல் அதைப் பெயராகப் பார்க்காமல் கட்டளையாகப் படித்தது. திருத்தம் மிகச் சிறியது: சரத்தை அச்சிடச் சொல்லும் வடிவத்தை நிரலில் எழுதி, பெயரை ஆர்க்யுமென்ட்டாகத் தள்ளினார்கள்.

அந்தப் பெயரை நிர்வாகிப் பயனரான ரூட்தானே எழுத முடியும், அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டே என்று கேட்கலாம். 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பு, கையொப்பமில்லாத கெர்னல் தொகுதியை ரூட் ஏற்றினாலும் மறுக்கும் வசதியைத் தந்தது. ரூட்டுக்கும் கெர்னலுக்கும் நடுவே எல்லை வரைந்தபின், பெயர் வழியே அதைத் தாண்ட விடுவது முரண். கூடுதல் வடிவத்தால் வேகம் குறையும் என்ற வாதமும் நிற்காது. சரத்தை மட்டும் அச்சிடும் வடிவத்தைக் கெர்னல் தனியே அடையாளம் கண்டு நேரடியாக நகலெடுக்கிறது. கம்பைலர் எச்சரிக்கும் என்பது பாதி உண்மை: நிரலில் எழுதப்பட்ட வடிவத்தை அது சரிபார்க்கும், ஓடும்போது வரும் பெயரில் என்ன இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே டிரைவர் எழுதுவோர் வடிவச் சரத்தை எப்போதும் தம் நிரலிலேயே எழுத வேண்டும். வெளியிலிருந்து வரும் பெயருக்கு அந்த இடத்தை ஒருபோதும் தரக்கூடாது.