சேகா

சேகா என்பது ஜப்பானின் தலைநகரான டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிகழ்பட ஆட்ட நிறுவனமாகும். நாணயமிட்டு இயக்கும் விளையாட்டு இயந்திரங்களை இறக்குமதி செய்யும் வணிகத்தில் தோன்றிய இந்நிறுவனம், பின்னர் அவ்வியந்திரங்களைத் தானே வடிவமைக்கத் தொடங்கியது. 1983 முதல் 2001 வரை, தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் ஆட்டக்கருவிகளையும் தயாரித்தது. 2001-ல் கருவித் தயாரிப்பைக் கைவிட்டு, பிற நிறுவனங்களின் கருவிகளுக்கு ஆட்டங்களை உருவாக்கும் மென்பொருள் நிறுவனமாக மாறியது. சோனிக் என்னும் நீலநிற முள்ளெலிப் பாத்திரம் இந்நிறுவனத்தின் அடையாளமாக உலகெங்கும் அறியப்படுகிறது.

பெயர்

சேகா என்பது ஜப்பானியச் சொல் அன்று. 'சர்வீஸ் கேம்ஸ்' என்னும் ஆங்கிலப் பெயரின் இரு சொற்களிலிருந்தும் முதல் ஈரெழுத்துகளை எடுத்துச் சேர்த்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. இங்கு 'சர்வீஸ்' என்பது படைப்பணியைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்கப் படைத்தளங்களில் பணியாற்றிய வீரர்களே இவ்வணிகத்தின் முதல் வாடிக்கையாளர்கள்.

தொடக்க காலம்

1940-ல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு நகரில் மார்ட்டின் புரோம்லி, இர்விங் புரோம்பர்க், ஜேம்ஸ் ஹம்பர்ட் ஆகிய மூன்று அமெரிக்கர்கள் 'ஸ்டாண்டர்ட் கேம்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். படைத்தளங்களுக்கு நாணய இயந்திரங்களை வழங்குவது இதன் தொழில். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இவர்கள் 'சர்வீஸ் கேம்ஸ்' நிறுவனத்தை நிறுவினர். 1950களின் தொடக்கத்தில் சூதாட்ட இயந்திரங்களுக்கு எதிராக அமெரிக்க அரசு சட்டம் இயற்றியதால், இவ்வணிகம் ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்களை நோக்கி நகர்ந்தது. 1960 ஜூன் 3 அன்று, இதன் ஜப்பானியப் பிரிவின் தொழிலைத் தொடரும் வகையில் 'நிஹோன் கோராக்கு புஸ்ஸான்' என்னும் நிறுவனம் டோக்கியோவில் பதிவு செய்யப்பட்டது. சேகா தன் நிறுவன நாளாகக் கொள்வது இந்நாளையே.

அமெரிக்க வான்படையில் பணியாற்றியவரான டேவிட் ரோசன், 1954-ல் டோக்கியோவில் தனியே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அடையாளச் சான்றுகளுக்கான ஒளிப்படங்களை விரைவாக எடுத்துத் தரும் தானியங்கிக் கூடங்களை இவர் நடத்தினார். பின்னர் விளையாட்டு இயந்திரங்களையும் இறக்குமதி செய்தார். 1965-ல் இரு நிறுவனங்களும் இணைந்து 'சேகா என்டர்பிரைசஸ்' உருவானது. ரோசன் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இறக்குமதி செய்த பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதடைந்தன. அவற்றைச் சீர்செய்து கிடைத்த பட்டறிவு, நிறுவனம் சொந்தமாக இயந்திரங்களை வடிவமைக்க அடிப்படையாயிற்று. 1966-ல் வெளிவந்த 'பெரிஸ்கோப்' இயந்திரம் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எதிரிக் கப்பல்களைத் தாக்குவதாக அமைந்த மின்பொறி ஆட்டமாகும். அமெரிக்காவில் இதற்கு ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் கட்டணம் வாங்கப்பட்டது. அது அக்கால வழக்கத்தைவிடக் கூடுதலாகும். 1969-ல் சேகாவை 'கல்ஃப் அண்டு வெஸ்டர்ன்' என்னும் அமெரிக்க நிறுவனம் வாங்கியது.

வீட்டுச் சந்தையில் நுழைவு

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விளையாட்டுக்கூடங்களின் வருமானம் சரியத் தொடங்கியது. எனவே சேகா வீட்டுச் சந்தையின் பக்கம் திரும்பியது. 1983 ஜூலை 15 அன்று 'எஸ்ஜி-1000' என்னும் முதல் ஆட்டக்கருவியை ஜப்பானில் வெளியிட்டது. அதே நாளில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'ஃபேமிகாம்' கருவியும் வெளிவந்தது. எஸ்ஜி-1000 நிறுவனம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே விற்றபோதிலும், ஃபேமிகாமின் விற்பனைக்கு அருகில்கூட வரவில்லை.

1984-ல் கல்ஃப் அண்டு வெஸ்டர்ன் தன் விளையாட்டுத் தொழிலிலிருந்து விலகியது. ரோசன், ஜப்பானியத் தொழில்முனைவர் ஹயாவோ நகயாமா ஆகியோர் 'சிஎஸ்கே' என்னும் ஜப்பானிய மென்பொருள் நிறுவனத்தின் துணையுடன் சேகாவை 3.8 கோடி டாலருக்கு வாங்கினர். சிஎஸ்கேயின் நிறுவனர் இசாவோ ஒகாவா சேகாவின் தலைவரானார்.

இதையடுத்து வந்த 'மாஸ்டர் சிஸ்டம்', வன்பொருள் திறனில் நின்டெண்டோவின் கருவியை விஞ்சியது. ஆயினும் அமெரிக்காவில் நின்டெண்டோவுக்கு ஆட்டங்களை எழுதிய நிறுவனங்கள், அதே ஆட்டங்களைக் குறிப்பிட்ட காலம் வரை பிற கருவிகளுக்கு வெளியிடக்கூடாது என்னும் ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டிருந்தன. ஆகையால் மாஸ்டர் சிஸ்டத்துக்குப் போதிய ஆட்டங்கள் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலும், 'டெக்டாய்' நிறுவனத்தின் வழியாகப் பிரேசிலிலும் இக்கருவி பெருவரவேற்பைப் பெற்றது.

மெகா டிரைவ்

1988 அக்டோபர் 29 அன்று 'மெகா டிரைவ்' ஜப்பானில் வெளியானது. இதன் மையச் செயலி மோட்டோரோலா 68000 ஆகும். ஒலியைக் கையாள சைலாக் இசட்80 என்னும் துணைச் செயலி பயன்பட்டது. மாஸ்டர் சிஸ்டத்தில் மையச் செயலியாக இருந்ததும் இதே இசட்80 வகையே. அதனால் ஓர் இணைப்பியைப் பொருத்திப் பழைய ஆட்டங்களையும் புதிய கருவியில் ஆட முடிந்தது.

1989-ல் அமெரிக்காவில் இக்கருவி 'ஜெனிசிஸ்' என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. அமெரிக்கப் பிரிவின் தலைவராக 1990-ல் பொறுப்பேற்ற டாம் கலின்ஸ்கி கருவியின் விலையைக் குறைத்தார். நின்டெண்டோவை நேரடியாகச் சீண்டும் விளம்பரங்களை வெளியிட்டார். மிகச் சிறந்த ஆட்டத்தைக் கருவியுடனேயே சேர்த்து வழங்கவும் முடிவு செய்தார். அந்த ஆட்டம் 1991 ஜூனில் வெளிவந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' ஆகும். யூஜி நாகா நிரலாக்கத்தையும், நவோத்தோ ஓஷிமா பாத்திர வடிவத்தையும், ஹிரோகாசு யசுஹாரா ஆட்டக் களங்களையும் உருவாக்கினர். தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் வாழும் முள்ளெலி உண்மையில் மெதுவாக நகரும் உயிரினம். ஆட்டத்தில் வரும் முள்ளெலியோ உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு மின்னல் வேகத்தில் உருண்டோடும். மெகா டிரைவ் உலகளவில் ஏறத்தாழ 3 கோடி விற்றது. சேகாவின் கருவிகளுள் மிகுதியாக விற்றது இதுவே.

1993-ல் 'மோர்ட்டல் காம்பாட்' ஆட்டத்தின் குருதிக் காட்சிகள் மெகா டிரைவ் பதிப்பில் இடம்பெற்றன. நின்டெண்டோ பதிப்பில் அவை நீக்கப்பட்டன. இது குறித்தும் வேறு சில ஆட்டங்கள் குறித்தும் அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க மேலவை விசாரணை நடத்தியது. இதன் விளைவாக, ஆட்டங்களை அகவைக்கேற்ப வகைப்படுத்தும் பொது அமைப்பு 1994-ல் ஏற்படுத்தப்பட்டது.

விளையாட்டுக்கூட இயந்திரங்கள்

வீட்டுக் கருவிகளில் ஏற்றத்தாழ்வுகள் இருந்தபோதிலும், விளையாட்டுக்கூடங்களில் சேகா முன்னணியில் இருந்தது. யூ சுசூகி வடிவமைத்த 'ஹாங்-ஆன்' (1985), 'அவுட் ரன்' (1986) ஆகியவை ஆடுபவர் இருசக்கர வண்டி அல்லது மகிழுந்தின் மாதிரியில் அமர்ந்து ஓட்டும் வகையில் அமைந்தன. 1993-ல் வெளிவந்த 'வர்ச்சுவா ஃபைட்டர்' முப்பரிமாணச் சண்டை ஆட்டங்களுக்கு வழிகாட்டியாயிற்று.

சாட்டர்ன்

1994 நவம்பரில் சேகா இரண்டு கருவிகளை வெளியிட்டது. ஜப்பானில் 'சாட்டர்ன்' என்னும் புதிய தலைமுறைக் கருவி வந்தது. அமெரிக்காவில் பழைய மெகா டிரைவின் மேல் பொருத்தும் '32எக்ஸ்' வந்தது. விரைவில் சாட்டர்ன் வரவிருந்ததால் 32எக்ஸ் வாங்கியோர் ஏமாற்றமடைந்தனர். ஆட்ட உருவாக்குநர்களும் அதைக் கைவிட்டனர்.

சாட்டர்னில் ஹிட்டாச்சி எஸ்எச்-2 வகையைச் சேர்ந்த இரு மையச் செயலிகள் இருந்தன. இவ்விரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டதால், ஒன்று தரவைப் பெறும்போது மற்றொன்று காத்திருக்க நேர்ந்தது. பணியைச் சரியாகப் பிரித்து எழுதும் நிரலருக்கே கருவியின் முழுத்திறன் கிடைத்தது. மேலும், போட்டியாளரான சோனியின் 'பிளேஸ்டேசன்' முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களால் வரைய, சாட்டர்ன் நாற்கரங்களால் வரைந்தது. எனவே ஒரு கருவிக்கு எழுதிய ஆட்டத்தை மற்றதற்கு மாற்றுவது கடினமாயிற்று.

அமெரிக்காவில் சாட்டர்ன் 1995 செப்டம்பரில் வெளிவரும் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் மே 11 அன்று நடந்த கண்காட்சியில், அது குறிப்பிட்ட சில கடைகளில் அன்றே விற்பனைக்கு வந்துவிட்டதாகச் சேகா அறிவித்தது. விலை 399 டாலர். அதே கண்காட்சியில் சோனி தன் கருவியின் விலை 299 டாலர் என்று அறிவித்தது. முன்கூட்டியே வெளியிட்டதால் சேகாவுக்குப் பயன் விளையவில்லை. செப்டம்பரை எதிர்பார்த்திருந்த ஆட்ட உருவாக்குநர்களின் ஆட்டங்கள் ஆயத்தமாக இல்லை. தங்களுக்குச் சரக்கு தரப்படாததால் சினங்கொண்ட கடைகளுள் சில, சேகாவின் பொருள்களை விற்க மறுத்தன. சாட்டர்ன் உலகளவில் ஏறத்தாழ 92 லட்சம் மட்டுமே விற்றது. பிளேஸ்டேசன் 10 கோடிக்கும் மேல் விற்றது.

இந்தியாவில் சேகா

1995-ல் சேகா இந்தியச் சந்தையில் முறையாக நுழைந்தது. மது வணிகத்தில் பெயர்பெற்ற ஷா வாலஸ் குழுமத்துடன் வினியோக ஒப்பந்தம் செய்து மெகா டிரைவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது இத்தகைய கருவிகளுக்கு 80 விழுக்காடு இறக்குமதி வரி இருந்தது. அதைத் தவிர்ப்பதே இவ்வொப்பந்தத்தின் நோக்கமாகும். எனினும் கருவியின் விலை 18,000 ரூபாயாக இருந்தது. இது அக்காலத்தில் சாதாரண ஊழியர் ஒருவரின் பல மாத ஊதியத்துக்கு ஈடாகும். இந்தியாவுக்கு மெகா டிரைவ் வந்து சேர்ந்த அதே ஆண்டில், மேலைநாடுகளில் சாட்டர்ன் அதன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டது.

தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் 1990களில் பெரும்பாலான சிறுவர்கள் ஆடியது சேகாவின் கருவியிலோ நின்டெண்டோவின் கருவியிலோ அன்று. ஃபேமிகாமைப் படியெடுத்துத் தயாரிக்கப்பட்ட மலிவான கருவிகளே பரவலாகக் கிடைத்தன. ஒரே பொதியுறையில் பல ஆட்டங்கள் அடங்கியிருந்ததால், ஆட்டங்களைத் தனித்தனியே வாங்க வேண்டிய தேவையும் எழவில்லை. சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் மணிக் கணக்கில் கட்டணம் வாங்கும் 'வீடியோ கேம்' கடைகள் இவற்றை வைத்தே நடந்தன. வரியும் விலையும் முறையான கருவிகளை எட்டாத உயரத்தில் வைத்ததால், ஒரு தலைமுறை இந்தியர்கள் சேகாவின் பெயரை அறிந்தது பெருநகர வணிக வளாகங்களில் இருந்த கார்ப்பந்தய, துப்பாக்கி சுடும் இயந்திரங்கள் வழியாகவும், பின்னாளில் கணினி வழியாகவுமே ஆகும்.

டிரீம்காஸ்ட்

1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் 'டிரீம்காஸ்ட்' வெளியிடப்பட்டது. சாட்டர்னின் குறைகளை உணர்ந்து வடிவமைக்கப்பட்ட கருவி இது. ஒரே மையச் செயலி, எளிதில் கிடைக்கும் உறுப்புகள், நிரலருக்கு இணக்கமான கட்டமைப்பு ஆகியவை இதன் சிறப்புகளாகும். இணையத்துடன் இணைக்கும் மோடமும் உள்ளமைக்கப்பட்டிருந்தது. 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளியானபோது விற்பனை சிறப்பாக இருந்தது.

ஆயினும் மூன்று காரணங்கள் இக்கருவியின் வாழ்நாளைச் சுருக்கின. முதலாவது, 32எக்ஸ், சாட்டர்ன் ஆகியவற்றால் வாடிக்கையாளர்களும் கடைகளும் சேகாவின் மீது இழந்திருந்த நம்பிக்கை. இரண்டாவது, 2000-ல் வெளிவந்த சோனியின் 'பிளேஸ்டேசன் 2'. இதில் டிவிடி திரைப்படங்களையும் பார்க்க முடிந்ததால், பலர் அதற்காகக் காத்திருந்தனர். மூன்றாவது, ஆட்டங்களின் திருட்டுப் படிகள். சேகா தன் ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 1 கிகாபைட் கொள்ளும் தனிவகை வட்டைப் பயன்படுத்தியது. ஆனால் இசை வட்டுகளுக்கென ஏற்படுத்திய ஒரு வசதியின் வழியே, சாதாரண இறுவட்டிலிருந்தும் கருவியை இயக்கலாம் என்பதைச் சிலர் கண்டறிந்தனர்.

2001 ஜனவரி 31 அன்று, டிரீம்காஸ்ட் தயாரிப்பை மார்ச் இறுதியுடன் நிறுத்துவதாகச் சேகா அறிவித்தது. மொத்தம் ஏறத்தாழ 91 லட்சம் கருவிகள் விற்றிருந்தன. நிறுவனம் முழுகிவிடாமல் காக்க, இசாவோ ஒகாவா ஏறத்தாழ 69.5 கோடி டாலர் மதிப்புள்ள தம் சொந்தப் பங்குகளைச் சேகாவுக்கு வழங்கினார். அவ்வாண்டு மார்ச் 16 அன்று அவர் காலமானார்.

மென்பொருள் நிறுவனமாக

2001 இறுதியில் சோனிக் ஆட்டங்கள் நின்டெண்டோவின் கருவிகளில் வெளிவந்தன. பத்தாண்டுக் காலம் நேரெதிர் அணிகளாகக் கருதப்பட்ட நிறுவனங்களுக்கிடையே இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. 2007-ல் சோனிக்கும் நின்டெண்டோவின் மாரியோவும் ஒரே ஆட்டத்தில் இணைந்து தோன்றின.

2004-ல் 'சாமி' என்னும் ஜப்பானிய நிறுவனத்துடன் இணைந்து 'சேகா சாமி' குழுமம் உருவானது. 'டோட்டல் வார்' தொடரை உருவாக்கிய கிரியேட்டிவ் அசெம்ப்ளி (2005), 'ஃபுட்பால் மேனேஜர்' தொடரின் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் (2006) ஆகிய பிரித்தானிய நிறுவனங்களைச் சேகா வாங்கியது. 2013-ல் 'பெர்சோனா' தொடரின் உரிமையாளரான அட்லசும், 2023-ல் 'ஆங்கிரி பேர்ட்ஸ்' ஆட்டத்தை உருவாக்கிய பின்லாந்தின் ரோவியோவும் குழுமத்தில் சேர்ந்தன. கொரோனா பெருந்தொற்றால் விளையாட்டுக்கூடங்கள் நட்டமடைந்ததை அடுத்து, ஜப்பானில் அவற்றை நடத்திய துணை நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2020-ல் விற்றது. எஞ்சிய பங்கை 2022-ல் விற்றது.

முதன்மை ஆட்டக்கருவிகள்

எஸ்ஜி-1000 (1983)
மாஸ்டர் சிஸ்டம் (1985, ஜப்பானில் 'மார்க் III' என்னும் பெயரில்)
மெகா டிரைவ் (1988)
கேம் கியர், கையடக்கக் கருவி (1990)
சாட்டர்ன் (1994)
டிரீம்காஸ்ட் (1998)

மதிப்பீடு

சேகாவின் கருவிகள் தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் காலத்துக்கு முந்தியவையாக இருந்தன. அவற்றுள் இறுதியானதும் செம்மையானதுமான டிரீம்காஸ்ட், அதற்கு முந்தைய கருவிகளின் வெளியீட்டில் நேர்ந்த பிழைகளுக்கு விலை கொடுத்தது. ஆட்டக்கருவி என்பது பல ஆண்டுகளுக்கு ஆட்டங்கள் வந்துகொண்டிருக்கும் என்னும் உறுதியை நம்பி வாங்கப்படும் பொருள். அவ்வுறுதி ஒருமுறை குலைந்தால், அதை மீட்கச் சிறந்த வன்பொருள் மட்டும் போதாது என்பதற்கு இந்நிறுவனத்தின் வரலாறு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கருவித் தயாரிப்பை நிறுத்திய பின்னரும் அதன் ஆட்டங்களும் பாத்திரங்களும் நிலைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 2020-ல் தொடங்கிய சோனிக் திரைப்பட வரிசை இதற்குச் சான்றாகும்.