முற்றும் முடிவும்

ஒரு செயலைச் செய்து முடித்தலைக் குறிக்கும் ‘ஃபினிஷ்’ என்னும் ஆங்கில வினை, எல்லை எனப் பொருள்படும் ‘ஃபீனிஸ்’ என்ற இலத்தீன் சொல்லினின்று பழம் பிரெஞ்சு வழியாக வந்தது. ஆங்கில இலக்கணத்து ‘ஃபைனைட்’ என்னும் குறியீடும் அவ்வேரினின்று பிறந்ததே. நம் வினைமுற்றை ‘ஃபைனைட் வினை’ எனப் பெயர்த்தல் பெருவழக்காயிற்று. இப்பெயர்ப்புப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குக் குமரி மாவட்டம் உரிய களமாகும். தொல்காப்பியத்தைக் கேட்டு ஆராய்ந்தவராகப் பாயிரம் கூறும் அதங்கோட்டாசானை, விளவங்கோட்டுப் பகுதியிலுள்ள அதங்கோட்டினராகக் கொள்ளும் மரபு உண்டு. அவ்வூர் நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே உள்ளது. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் பகுதிகளே நாஞ்சில் நாடு எனப்படுவன. அந்நாட்டு மயிலாடியில் 1809இல் ரிங்கல்தௌபே தொடங்கிய கல்விப் பணி, பின்னர் நாகர்கோவிலில் வளர்ந்து, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது. பழந்தமிழ் இலக்கண மரபும் ஐரோப்பிய இலக்கண மரபும் அடுத்தடுத்து நின்ற நிலம் இஃது என்பது இதனால் விளங்கும்.

முற்றுதல் என்னும் சொல்லின் பொருளை முதற்கண் நோக்குவோம். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளையும் நாஞ்சில் வயலில், கதிர் முற்றியது என்பரேயன்றி முடிந்தது என்னார். முற்றுதலாவது உள்ளிருந்து முதிர்ந்து நிறைதல்; முடிதலாவது மேற்செல்லாது நிற்றல். எல்லையை அடியாகக் கொண்ட ‘ஃபினிஷ்’ பின்னதற்கு நெருங்கியது. நிரப்புதல் என்னும் பொருளில் தோன்றிய ‘கம்ப்ளீட்’ முன்னதற்கு ஓரளவு நெருங்கும்.

இவ்வேறுபாடு இலக்கணத்தில் எவ்வாறு விளங்குகின்றது? ‘சாத்தன் உண்டு வந்தான்’ என்புழி உண்ணுந்தொழில் முடிந்தது. ஆயினும் ‘உண்டு’ என்னும் சொல் எச்சமே. ‘சாத்தன் உண்கின்றான்’ என்புழித் தொழில் முடியவில்லை, சொல்லோ முற்று. ஆகவே முற்று என்பது தொழிலின் முடிவன்று; பிறிதொரு சொல்லை அவாவாது கருத்து நிரம்பி நிற்கும் சொல்லின் நிலையேயாம்.

‘ஃபைனைட்’ என்பதோ இடம், எண் முதலியவற்றால் வரையறைப்பட்ட வினை. தமிழில் வினைமுற்றுக்கள் பெரும்பாலும் இவற்றைக் காட்டும் விகுதி பெறுதலின், இரண்டும் ஒன்றெனக் கருதுதற்கு இடம் உண்டாயிற்று. ஆனால் இருபுறத்தும் தடை உளது. ‘கண்டனன் மகிழ்ந்தான்’ என்புழி, ‘கண்டனன்’ காலமும் இடமும் எண்ணும் காட்டியும் ‘கண்டு’ எனப் பொருள்பட்டு முற்றெச்சமாகின்றது. இது வரையறைப்பட்டும் முற்றாகாமைக்குச் சான்று. ‘இல்லை’, ‘உண்டு’ என்பன ஐம்பாற்கும் மூவிடத்திற்கும் பொதுவாய் வரும் குறிப்பு முற்றுக்கள். ‘வாழ்க’ என்னும் வியங்கோளும் அவ்வாறு பொதுவாய் வரும். இவை வரையறைப்படாமலும் முற்றாதற்குச் சான்று.

இன்னும், தொல்காப்பியர் எச்சத்தை வினைக்கு மட்டும் உரியதாகக் கொண்டிலர். சொல்லதிகாரத்தின் இறுதியியலாகிய எச்சவியலில் பிரிநிலை, வினை, பெயர், ஒழியிசை, எதிர்மறை, உம்மை, என, சொல், குறிப்பு, இசை எனப் பத்து எச்சங்களைத் தொகுத்தனர். ‘சாத்தனும் வந்தான்’ என்ற தொடரில் வினை முற்றே. எனினும் உம்மை மற்றொருவன் வரவை வேண்டி நிற்றலின் அஃது உம்மையெச்சமாயிற்று. கேட்போன் உள்ளத்து எஞ்சும் எதிர்பார்ப்பே எச்சத்திற்கு அடிப்படை என்பது இதனால் பெறப்படும்.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் முதலாக, ஐரோப்பியக் குறியீடுகளால் தமிழை விளக்கும் முறை வலுப்பெற்றது. அம்முறையால் விளைந்த நன்மை பெரிது. அதனை மறுத்தல் எம் கருத்தன்று. ஆயின் ‘முற்று’ என்பதனை ‘ஃபைனைட்’ எனப் பெயர்த்துவிட்டு, அவ்வாங்கிலச் சொல்லின் வரையறையைக் கொண்டே தொல்காப்பியரை அளக்கப் புகின், முற்றெச்சம் விதிவிலக்காகவும், உம்மையெச்சம் தொடர்பற்ற செய்தியாகவும் தோன்றும். அவ்விரண்டும் ஒரு கொள்கையின் கிளைகள் என்பது மறைந்துவிடும்.

ஆதலின், முதுகலை மாணவர் குறியீட்டைப் பெயர்க்குமுன் அதன் வேர்ப்பொருளை ஆராய்தல் வேண்டும். எல்லை காண்பது ஒன்று. விளைந்து நிறைவது மற்றொன்று. தமிழ் இலக்கணத்தார் தம் குறியீட்டிற்குத் தேர்ந்துகொண்டது பின்னதனைக் குறிக்கும் சொல்லையே என்பது எம் துணிபு.