பேக்லாக்
தாம்பரம் மின்ரயிலில் ஒரு மாணவர் நண்பனிடம், “மச்சான், பேக்லாக் ஏறிக்கிட்டே போகுதுடா, எதை ஆடுறதுன்னே தெரியல” என்றார். ஸ்டீம் என்ற இணையக் கடையின் தள்ளுபடியில் வாங்கி இன்னும் தொடாத கணினி விளையாட்டுகளைச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘பேக்லாக்’ என்பது கணப்படுப்பின் பின்பக்கம் வைக்கும் பருத்த விறகுக்கட்டை. முன்னால் சுள்ளிகள் எரிந்து தீர்ந்தாலும் அது நெடுநேரம் கனன்று நெருப்பைக் காக்கும். அதிலிருந்து சேமிப்பு என்ற பொருள் கிளைத்தது. முடியாமல் குவிந்த வேலை என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. தமிழில் ‘நிலுவை’ என்கிறோம். ‘நில்’ வேரில் பிறந்த நல்ல சொல், வரிக்கும் வழக்குக்கும் பொருந்தும். ஆனால் அதிலும், அரபியிலிருந்து வந்த ‘பாக்கி’யிலும் கடன் வாடைதான். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு யாரிடம் கடன்பட்டோம்? எனக்குக் ‘கையிருப்பு’ பிடிக்கிறது. கட்டையின் பழைய பொருளுக்கும் அதுவே நெருக்கம். மனதுக்குப் பிடித்ததை எடுத்து ஆடுங்கள், மற்றவை இருப்பில் இருக்கட்டும்.