ரோட்டைக் கடக்க ஒரு மிருகக்காட்சி சாலை

ரோட்டைக் கடக்கறதுல என்னய்யா வரலாறுன்னு கேக்காதீங்க மக்களே. பிரிட்டன்காரங்க இதுக்குன்னே வரிக்குதிரை, பாண்டா, பெலிக்கன்னு ஒரு பட்டாளத்தை வளர்த்திருக்காங்க. எனக்கென்னவோ அத்தனையும் ஒரே கேள்விக்கான பதில்களாத்தான் தெரியுது: யாருக்காக யார் நிக்கணும்?

1868ல், ஜே.பி. நைட் என்ற ரயில்வே இஞ்சினியர் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல் கம்பம் நட்டார். குதிரைவண்டிகளுக்கு நடுவே ஆட்கள் கடக்கத்தான். பகலில் கைகாட்டி, இரவில் கேஸ் விளக்கு. அடுத்த மாதமே அது வெடிச்சு போலீஸ்காரருக்குக் காயம். கதை முடிந்தது.

அப்புறம் கார்கள் வந்தன. 1934ல் மட்டும் பிரிட்டன் சாலைகளில் செத்தவங்க 7,343 பேர். அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷாவே கேம்டனில் ரோட்டைக் கடக்கும்போது மயிரிழையில் தப்பியவர். கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு உருண்டை வச்சார். இன்னிக்கும் அது 'பெலிஷா' விளக்குதான்.

கம்பம் மட்டும் போதலை. 1951ல் தரையில் பட்டையா வெள்ளை வரிகள் வந்தன. அதுதான் வரிக்குதிரை. காலை வச்சுட்டா வண்டி நின்னே ஆகணும்!

ஆனா கூட்டமான இடத்தில் வண்டி எப்போ நகர்றது? 1962ல் வாட்டர்லூ ஸ்டேஷன் எதிரே பாண்டா வந்தது. விளக்கு சிமிட்டுற விதமே யாருக்கும் புரியாம சில வருஷத்தில் மூட்டை கட்டிட்டாங்க :-)

1969ல் பெலிக்கன். பட்டனை அமுக்கிட்டு, பச்சை மனுஷன் வரும்வரை காத்திருக்கணும். பாட்டி மெதுவா நடந்தாலும் கணக்குப் போட்ட நேரம்தான். பிறகு வந்த பஃபின்ல சென்சார் உண்டு. ஆள் இன்னும் ரோட்டில் இருந்தா சிவப்பைப் பிடிச்சு வைக்கும். சைக்கிளும் சேர்ந்து போனா டூக்கன். குதிரைன்னா பெகாசஸ், சவாரி செய்பவர் கைக்கு எட்டுற உயரத்தில் பட்டன்.

என் கட்சி இதுதான்: வரிக்குதிரை தந்தது உரிமை. பெலிக்கன் தந்தது அனுமதி. பஃபின்ல கொஞ்சம் இரக்கம் சேர்ந்தது. 2022ல் திருத்தின அவங்க சாலை விதிகள், வரிக்குதிரை ஓரம் காத்து நிக்கறவருக்கும் வழிவிடச் சொல்லுது. எழுபது வருஷம் கழிச்சு நடப்பவன் பக்கம் இன்னும் ஒரு அடி!

கொசுறு: அங்கே பட்டன் பெட்டிக்கு அடியில் கையை விட்டுப் பாருங்க. பலதிலும் ஒரு குட்டிக் கூம்பு இருக்கும். பச்சை விழுந்ததும் சுழலும். பார்வையில்லாதவங்களுக்கு அதுதான் பச்சை மனுஷன். உங்க ஊர்ல என்ன மிருகம்? பின்னூட்டத்தில் சொல்லுங்க.