சாலை குறுக்கிய பாய்மரம்

பாய்மரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது என்று நினைப்போம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்த சிறு பாய்ப்படகுகளின் கதையில் தார்ச்சாலைக்கும் அதில் பங்குண்டு. பிரிட்டனில் 1963இல் விற்பனைக்கு வந்த மிரர் படகு இதற்கு நல்ல சான்று. ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவில் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு மராமத்தைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்துப் பெயர்பெற்ற பாரி பக்னெலும் உருவாக்கியது அது. ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பிசினும் கண்ணாடியிழை நாடாவும் கொண்டு வீட்டிலேயே கட்டிவிடலாம். நீளம் 3.3 மீட்டர்தான். வழக்கமான உயர்ந்த முக்கோணப் பாய் வைத்தால் மரம் படகைவிட நீண்டுவிடும். அதைக் காருக்குப் பின்னால் இழுக்கும் ட்ரெய்லரில் படுக்கவைக்க அணியத்தில் (முன்முனை) ஒரு தாங்கி, அமரத்தில் (பின்முனை) ஒரு தாங்கி வேண்டும். கம்பிகளைச் சுருட்டி மரத்தோடு கட்ட வேண்டும். உரசும் இடங்களில் துணி சுற்ற வேண்டும். அப்படியும் ஒவ்வொரு பள்ளத்திலும் வெளியே நீண்ட நுனி துள்ளும். மிரரில் இந்தத் தொல்லையே இல்லை. குட்டையான மரம், அதை ஒட்டி நிமிர்ந்தேறும் இன்னொரு கழி. கழற்றினால் இரண்டும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த அமைப்பு கார்களுக்கு முந்தையது, போர்க்கப்பல்கள் சுமந்த சிறு படகுகளில் இருந்ததுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கும் கழிகள் படகுக்குள் அடங்க வேண்டும் என்பதே தேவை. கப்பல் தளத்தின் இடத்துக்குக் கார் வந்தது, அவ்வளவே. குட்டைக் கழிகள் மலிவு, பெட்டியில் அனுப்பவும் எளிது என்ற வாதம் இன்னும் வலுவானது. மிரரைப் பொறுத்தவரை அதை மறுக்க முடியாது. ஆனால் 1971இல் சந்தைக்கு வந்த லேசர் படகுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அது வீட்டில் கட்டுவதல்ல, மரக்கழியும் அல்ல. தொழிற்சாலையில் வார்த்த உடல், அலுமினியக் குழாய். காரின் கூரையில் ஏற்றக்கூடிய படகு ஒன்று வேண்டும் என்று படகு தயாரிப்பாளர் இயன் புரூஸ் கேட்டதிலிருந்துதான் வடிவமைப்பாளர் புரூஸ் கர்பி அதை வரையத் தொடங்கினார். அதன் பாய்மரம் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரண்டு துண்டு. அந்த இணைப்புக்கருகில் அலுமினிய மேல்துண்டு வளைந்துபோவது ஓட்டுபவர்கள் அறிந்த குறை. ஒரே குழாயாக இருந்தால் அந்தப் பலவீனம் இருக்காது. அப்படியிருந்தும் 1996இல் ஒலிம்பிக்குக்கே போன படகு துண்டு மரத்தை விடவில்லை.

எல்லாப் படகும் சாலைக்குப் பணிந்துவிடவில்லை. மிரர் பந்தய வகுப்பின் விதிகளே பின்னாளில் ஒற்றை நெடுமரத்தை அனுமதித்தன. பந்தயக்காரர்கள் தாங்கியையும் கயிற்றையும் மறுபடி ஏற்றுக்கொண்டார்கள். அறையோடு கூடிய ஆறேழு மீட்டர் ட்ரெய்லர் படகுகளில் பெரும்பாலும் அடிக்கீல் வைத்து மரத்தைச் சாய்க்கிறார்களே தவிரக் குறுக்குவதில்லை. அந்த அளவில் குட்டைப் பாய் போதாது.